‘ஃப்ரையஸ் இண்டியன்’ கைச்சின்னம் வாங்குவோர் கவனத்திற்கு

இரண்டாம் உலகப் போர்க்காலச் சின்னங்களைச் சேகரிப்பவர்கள், அதிலும் நேதாஜி மீதுள்ள பற்றால் சேகரிப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் பழம்பொருள் விற்கும் ஐரோப்பிய வணிகர் ஒருவர் என்னிடம் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, படத்தில் காட்டிய அசலுக்குப் பதிலாகப் போலியை அனுப்பியிருக்கிறார்.

நான் கேட்டது, ஜெர்மனியில் நேதாஜி திரட்டிய இந்தியப் படையணியின் கைச்சின்னம். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் அதில் இருந்தார்கள். ஜெர்மன் தரைப்படையின் 950ஆம் காலாட்படை ரெஜிமென்ட் என்று அது பதிவாயிற்று. ஜெர்மன் சீருடையின் சட்டைக் கையில் காவி, வெள்ளை, பச்சை நிறக் கேடயம். அதில் பாயும் புலி. மேலே ஜெர்மன் மொழியில் ‘ஃப்ரையஸ் இண்டியன்’, அதாவது சுதந்திர இந்தியா. படை சிறியது, மிஞ்சிய சின்னங்களும் சொற்பம். அதனால்தான் விலையும் ஏறியது, போலியும் பெருகியது.

விற்பனைப் படத்தில் இருந்தது தறியில் நெய்த சின்னம். நிறம் மங்கியிருந்தது, இடது ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. பொட்டலத்தில் வந்ததில் அந்த நூலே இல்லை. திருப்பிப் பார்த்தேன். நெய்த சின்னத்தின் பின்புறத்தில் முன்பக்க நிறங்களே மெல்லிய இழைகளாக ஓடும். இதிலோ, புலியின் பின்னால் முழுக்க வெள்ளை நூல். இன்றைய கணினித் தையல் இயந்திரம் விட்ட அடிநூல். கள்ள நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கில் அது நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. அசல் துணியும் பிற்காலச் சலவைத்தூளில் துவைக்கப்பட்டிருந்தால் ஒளிரக்கூடும் என்பதால் அதோடு விடவில்லை. ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்தினேன். பருத்தியோ ரேயானோ என்றால் சாம்பலாகியிருக்கும். இது உருகிக் கறுத்த மணியாகத் திரண்டது. பாலியெஸ்டர். அது சந்தைக்கு வந்ததே போருக்குப் பிறகுதான். பழையதாகக் காட்ட, தேநீர்ச் சாயத்தில் நனைத்தும் இருக்கிறார்கள்.

என்னைக் கொதிக்க வைத்தது உடன்வந்த கடிதம். ‘பர்மாவில் போரிட்டு ராமநாதபுரம் திரும்பிய ஐ.என்.ஏ. வீரரின் பெட்டியில் கிடைத்தது’ என்று அதில் எழுதியிருந்தது. ஐ.என்.ஏ., அதாவது இந்திய தேசிய ராணுவம், தென்கிழக்கு ஆசியாவில் உருவான படை. இந்தச் சின்னம் ஐரோப்பாவில் இருந்த படையணியுடையது. நேதாஜி 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பிய பின்பும் அந்தப் படை ஐரோப்பாவிலேயே இருந்தது. முதலில் நெதர்லாந்து, பிறகு பிரான்ஸின் அட்லாண்டிக் கரை. பர்மாப் போர்முனையில் நின்றவரின் சட்டையில் இந்த ஜெர்மன் எழுத்துக்கு என்ன வேலை? மலேயாத் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் உணர்வைக் குறிவைத்தே இப்படிக் கதை கட்டுகிறார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘தனிநபர் விற்பனை, திரும்பப் பெறுவதில்லை’ என்று ஒரே வரியில் பதில். நூற்றுக்கணக்கான பொருள்களை வரிசையாக விற்பவர் தனிநபராம்! வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.

அதே கடையில் ‘வீர்-எ-ஹிந்த்’ போன்ற, நேதாஜியின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) இயக்கத்தின் பதக்கங்களும் இருக்கின்றன. அவற்றை வியன்னாவின் ருடால்ஃப் சூவால் நிறுவனம் தயாரித்தது உண்மை. ஆனால் போருக்குப் பிறகும் அந்த நிறுவனம் போர்க்கால விருதுகளைச் சேகரிப்பாளர்களுக்காகச் செய்து விற்றது. ஆகவே ‘சூவால் தயாரிப்பு’ என்ற ஒரு சொல்லுக்காகப் போர்க்கால விலை கொடுக்காதீர்கள். எதை வாங்கினாலும் பின்புறப் படத்தைக் கேளுங்கள். பொருளின் அருகில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிவைத்து எடுத்த படமாக அது இருக்கட்டும். அசல் கையில் உள்ளவருக்கு ஐந்து நிமிட வேலை.

நூல் தொங்கும் அதே படத்தோடு அந்தக் கைச்சின்னம் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. இம்முறை 45,000 ரூபாய் கேட்கிறார்.