எஃப்இஎஸ் கஃப், ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டு கடுப்புல எழுதுறது

ஸ்ட்ரோக் வந்து ஃபுட் ட்ராப்ல (நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாம தொங்கிப்போறது) இருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தர், கணுக்காலைத் தாங்குற பிளாஸ்டிக் பிரேஸை விட்டுட்டு எஃப்இஎஸ் கஃப்புக்கு, அதாவது முட்டிக்குக் கீழ கட்டிக்கிட்டா கரண்ட் குடுத்து பாதத்தைத் தூக்க வைக்குற பட்டைக்கு, மாறலாமான்னு கேட்டார். என்னோடது இப்பதான் சர்வீஸ் போய்ட்டு வந்திருக்கு, வந்தும் அதே தொல்லைதான், அதனால கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல நல்லது. முட்டிக்குக் கீழ வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும்ல, அதை ஒட்டிப் போற நரம்புல கரண்ட் குடுக்கும், பாதம் மேல வரும். நம்ம தசையே தூக்குது! கணுக்கால் கட்டிப்போட்ட மாதிரி இருக்காது, பிரேஸுக்காக பெரிய ஷூ தேட வேணாம், வெறுங்கால்லயும் நடக்கலாம். கரண்ட் குடுக்குற பேட் கொஞ்சம் நகர்ந்தாலே பாதம் வெளிப்பக்கமா திரும்பிக்கும், அது பழகிடும்.

பழகாதது, எப்ப கரண்ட் விடணும்னு முடிவு பண்ற அந்த சென்சார்தான். 1961ல லிபர்சன்னு ஒரு டாக்டர் இதே வேலைக்கு செஞ்ச மெஷின்ல குதிகாலுக்கு அடியில ஸ்விட்ச், குதிகால் எழும்பினா கரண்ட் வரும். என்னோடதுல கீழ்க்கால் எவ்ளோ சாயுதுன்னு பாத்து கரண்ட் விடுது. நேரா, நீளமா எட்டு வெச்சா பிரமாதம். ஆனா வீட்டுக்குள்ள எவன்யா அப்படி நடக்குறான்? பாத்ரூம் வாசல்ல திரும்பணும், கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல பக்கவாட்டுல நகரணும், கதவைத் திறக்க பின்னாடி ஒரு எட்டு வெக்கணும், அந்தக் குட்டி எட்டுல கால் போதுமான அளவு சாயறதே இல்ல, நான் சும்மா நிக்கிறேன்னு மெஷின் நினைச்சுக்குது, கட்டைவிரல் போய் தரையில இடிக்குது. அதே மெஷின், நாற்காலில உக்காந்து காலை பின்னாடி இழுத்தா மட்டும் நடக்குறேன்னு நம்பி சுரீர்னு ஒண்ணு விடும். தெரபிஸ்ட்கிட்ட சொல்லி, கால் எவ்ளோ சாஞ்சா கரண்ட் வரணும்ங்கிற அளவைக் குறைச்சா உக்காரும்போது இன்னும் அதிகமா அடிக்குது, கூட்டினா வீட்டுக்குள்ள வேலையே செய்யல. தப்பித்தவறி யாராவது இதை சமையலறைல டெஸ்ட் பண்ணிருப்பாங்களா?

2013ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல பிரேஸ் போட்டவங்க, கஃப் போட்டவங்க ரெண்டு பேருக்கும் நடை வேகம் கூடுச்சு, பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா திருப்தி கஃப் போட்டவங்களுக்குதான் அதிகம். அந்தத் திருப்தி எனக்கும் இருக்கு, எரிச்சலே அதனாலதான்.

இன்னொண்ணு, கால்ல இருக்குற நரம்பே அடிபட்டு வந்த ஃபுட் ட்ராப்னா இது பொதுவா வேலை செய்யாது, பேஸ்மேக்கர் இருந்தா டாக்டரைக் கேக்காம தொடவே தொடாதீங்க.

ஃப்ரெண்டுகிட்ட இப்போதைக்கு வாங்காதீங்கன்னு சொல்லிட்டேன். அப்ப உங்களோடதைக் குடுங்க, கொஞ்ச நாள் போட்டுப் பாக்குறேன்னார். குடுக்க மாட்டேன்னுட்டேன்.