நேரே செல்லும் கயாக்கா, எளிதில் திரும்பும் கயாக்கா?

கடல் கயாக்குகளை, அதாவது கடலில் துடுப்பால் ஓட்டும் குறுகிய நீள் படகுகளை, ஒப்பிடும்போது பலரும் நீளத்தையும் அகலத்தையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே நீளமுள்ள இரண்டு படகுகள் நீரில் முற்றிலும் வேறுவிதமாக நடந்துகொள்வதற்குப் பெரும்பாலும் ராக்கர் காரணமாக இருக்கும். அதாவது, படகின் அடிப்பகுதி நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி மேலெழும் வளைவு.

ராக்கர் குறைந்த படகின் முன்முனையும் பின்முனையும் நீரில் ஆழ்ந்திருப்பதால், அவை பக்கவாட்டில் நகர்வதை நீர் தடுக்கிறது. ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் படகு திசை மாறாமல் நேராகச் செல்கிறது. ராக்கர் மிகுந்த படகில் முனைகள் லேசாக இருப்பதால் பாறைகளுக்கிடையிலும் உடையும் அலைகளிலும் சட்டென்று திருப்ப முடியும். ஆனால் திறந்த கடலில் அதை நேராக ஓட்டத் தொடர்ந்து கவனம் வேண்டும்.

வேகத்தில் நீண்ட படகுக்கே வெற்றி என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம், 4.9 மீட்டர் என்றால் கோட்பாட்டின்படி வேக வரம்பு ஏறத்தாழ மணிக்கு 10 கிலோமீட்டர், 4.3 மீட்டர் என்றால் 9.3. பெரும்பாலோர் 5.5 முதல் 7.5 கிலோமீட்டர் வேகத்திலேயே துடுப்பு வலிப்பதால், இந்த வேறுபாடு அவர்களுக்கு அரிதாகவே பயன்படும்.

உண்மையான சோதனை பக்கக்காற்றில்தான் தொடங்குகிறது. முன்னேறும் படகின் முன்முனையை எதிர்ப்படும் நீர் இறுகப் பிடித்துக்கொள்ள, கலங்கிய நீரில் கிடக்கும் பின்முனையைக் காற்று எளிதில் தள்ளிவிடுவதால், படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்புகிறது. ராக்கர் மிகுந்த படகில் இது கூடுதலாகத் தெரியும் என்றாலும், பின்புறத்தில் இறக்கக்கூடிய ஸ்கெக் என்னும் சிறு தகட்டைப் பாதியளவு இறக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ராக்கர் குறைந்த நேர்ப்படகின் பிடிவாதத்துக்கு இவ்வளவு எளிய மருந்து இல்லை: பின்னாலிருந்து வரும் அலையில் அதன் முன்முனை பள்ளத்தில் குத்திப் பின்முனை பக்கவாட்டில் வீசப்பட்டுவிட்டால், மீண்டும் நேராக்குவது கடினம். இதனால், கரையோரத்திலும் அலையிலும் படகோட்டுபவருக்கு மிதமான ராக்கரும் ஸ்கெக்கும் கொண்ட படகையே பரிந்துரைப்பேன். நீண்ட தொலைவை நேர்வழியில் கடப்பவருக்கு நேர்ப்படகு பொருந்தும்.

குறுக்குவெட்டு வடிவம் இதற்கு அடுத்த நிலையில் வருகிறது. தட்டையான அடிப்பகுதி அமைதியான நீரில் உறுதியாகத் தோன்றினாலும், அலையின் சரிவுக்கேற்பத் தானும் சரியும். வி வடிவ அடிப்பகுதி தொடக்கத்தில் ஆடினாலும் திசை காக்க உதவும். அடியும் பக்கமும் கூர்மையாகச் சந்திக்கும், கிரீன்லாந்து மரபுப் படகுகளில் காணப்படும் கடின விளிம்பு, படகைச் சாய்க்கும்போது நீரைத் தெளிவாகப் பற்றும். உருண்ட விளிம்போ சீராகவும் முன்னறிவிப்போடும் சாயும். எந்த விளிம்பானாலும், படகை வலப்புறம் சாய்த்தால் முனைகள் நீரிலிருந்து சற்றே விடுபட்டு, அது இடப்புறம் திரும்பும்.

பல நாள் பயணச் சுமைக்காக வடிவமைத்த படகைக் காலியாக ஓட்டினால், அது நீரில் உயரமாக மிதந்து, பயன்படும் நீர்க்கோடு குறுகி, காற்றுக்கும் அதிகம் இடம்கொடுக்கும். எனவே இரு படகுகளையும், பயணத்தில் ஏற்றப்போகும் சுமையோடும் பக்கக்காற்றிலும் ஓட்டிப் பார்த்தே ஒப்பிட வேண்டும்.