அலமாரி விளக்கு: 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

ஒரே ஒரு துணி அலமாரி, இரண்டு மீட்டருக்குள் எல்இடி ஸ்ட்ரிப் என்றால் 12 வோல்ட் போதும். மூன்று பல்புக்கு ஒரு இடத்தில் வெட்டலாம் என்பதால் தட்டின் அகலத்துக்குச் சரியாக உட்காரும். 24 வோல்ட்டில் பெரும்பாலும் ஆறு பல்புக்கு ஒரு வெட்டுதான். ஓரத்தில் கொஞ்சம் இருட்டு விழலாம்.

சுவர் முழுக்க அலமாரி என்றால் கதை வேறு. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் ஐந்து மீட்டர் ஒட்டினால் 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓடும், 24-ல் 3 தான். கரண்ட் குறைந்தால் ஒயரில் இழப்பும் குறையும், கடைசித் தட்டு மங்காது. 12-லேயே சமாளிக்க, ஒவ்வொரு தட்டுக்கும் டிரைவரிலிருந்து (வீட்டுக் கரண்டை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றும் பெட்டி) தனி ஒயர் இழுக்க வேண்டும். அத்தனை துளை போட ஆசாரி முகம் சுளிப்பார். அங்கே நான் 24 தான் போடச் சொல்வேன். எதுவானாலும் டிரைவரைத் துணிக்குள் புதைக்காமல், காற்றுப் படும்படி அலமாரிக்கு மேலே வையுங்கள்.