உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி: கருத்தாளர் வகுப்பா, இணையவழியா, சக ஆசிரியர் வட்டமா?

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு ஆண்டு முழுக்கப் பயிற்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஓ.டி. (பணி நிமித்த வெளிச்செல்கை) போட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்குப் போகும் பயிற்சி, கைபேசியில் முடிக்க வேண்டிய பாடம், பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவளமையக் கூட்டம் என்று வகைவகையாக. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனாலும் 50 மணி என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வசதியான அளவு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அதைப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். 25 மணி வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்துவது, மீதி 25 மணி பள்ளி அளவிலேயே நடத்திக்கொள்வது.

அந்த 50 மணியை எங்கே செலவிட்டால் வகுப்பறைக்குப் பலன்? பொதுவாகப் பேசினால் எல்லாப் பயிற்சியும் நல்ல பயிற்சியாகவே தெரியும். அதனால் ஒரே ஒரு பாடத்தை வைத்து மூன்றையும் அளந்து பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல், அதில் குவிலென்ஸ்.

லென்ஸ் ஒன்று எரியும் மெழுகுவத்தியின் பிம்பத்தைத் திரையில் விழச் செய்கிறது. லென்ஸின் மேல் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பிம்பம் என்ன ஆகும்? கதிர்ப்படத்தைத் தப்பில்லாமல் வரைகிற மாணவர்கள்கூட "பாதிப் பிம்பம்தான் தெரியும்" என்று எழுதுவார்கள். உண்மையில் முழுப் பிம்பமும் தெரியும், வெளிச்சம் மட்டும் குறையும். இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நாம் கரும்பலகையில் வரையும் இரண்டே இரண்டு கதிர்களிலிருந்து வருகிறது. பிம்பத்தை உண்டாக்குவது அந்த இரண்டு கதிர்கள்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ஒரு புள்ளியிலிருந்து லென்ஸ் முழுவதிலும் ஒளி வந்து விழுகிறது என்பது படத்தில் இல்லை. இந்த இடத்தை ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும் பயிற்சி எது?

மேலிருந்து இறங்கி வரும் பயிற்சி

மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்கு, அதாவது மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர்களுக்கு, முதலில் பயிற்சி, அவர்கள் வழியாக மாவட்டக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் வழியாக நமக்கு. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டம்தோறும் வந்த டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி) நிறுவனங்களும், அப்புறம் வந்த வட்டார வளமையங்களும் இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்கின்றன. இதன் பலம் வேகமும் பரப்பும். 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல் வந்தது. அடுத்த ஆண்டே மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. அந்த மாதிரி நேரத்தில் மாநிலம் முழுக்க ஆசிரியர்களிடம் ஒரே செய்தியைக் கொண்டுசேர்க்க இதைவிட்டால் வேறு வழி கிடையாது. பத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் ஒரே இடத்தில் கூடுவதும் சின்ன விஷயம் இல்லை. தேநீர் இடைவேளையில் "நீங்க மோல் கணக்கை எப்படி ஆரம்பிப்பீங்க சார்?" என்று தொடங்கும் பேச்சிலிருந்து நான் நிறையவே கற்றிருக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்ந்துபோகிறது. மேல்மட்டத்தில் ஐந்து நாள் நடந்தது கீழே வரும்போது இரண்டு நாளாகச் சுருங்கும். அங்கே வல்லுநர் பதில் சொன்ன சந்தேகம் இங்கே வெறும் ஸ்லைடாக மிஞ்சும். லென்ஸ் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தாளர் அழகாகக் கதிர்ப்படம் வரைவார், காணொளி காட்டுவார். அந்த அறையில் மாணவர் ஒருவர்கூட இல்லை என்பதால் "பாதிப் பிம்பம்" என்ற பதில் அங்கே எழவே எழாது. பயிற்சி முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பிறகு, அது வகுப்பில் என்ன ஆயிற்று என்று கேட்க யாரும் வருவதில்லை. பின்னூட்டப் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை. கருத்தாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் பாடவேளைகளை விட்டுவிட்டு வந்து பாடுபடும் ஆசிரியர்கள்தான். அமைப்பே அப்படி.

இணையவழிப் பாடங்கள்

திக்‌ஷா என்ற மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. அதில் உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கான நிஷ்டா 2.0 பயிற்சித் திட்டம் 2021 ஜூலையில் வந்தது. 12 பொதுப் பாடங்கள், பாடவாரியாக 56, மொத்தம் 68. மலைக்கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கும் சென்னை ஆசிரியருக்கும் ஒரே வல்லுநர், ஒரே விளக்கம். புரியாவிட்டால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், வகுப்பை விட்டுப் போகவும் வேண்டாம். ஓர் ஊரில் ஒரே அறிவியல் ஆசிரியர் இருக்கும்போது அது பெரிய சௌகரியம்.

சிக்கல், முடிப்பதே குறிக்கோள் ஆகிவிடுவது. இறுதித் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். விடைகள் அதற்கு முன்பே வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்துவிடுகின்றன. இதற்காக ஆசிரியர்களைக் கடிந்துகொள்வது நியாயம் இல்லை. பள்ளி, சிறப்பு வகுப்பு, எமிஸ் (பள்ளித் தகவல் இணையதளம்) பதிவு, வீட்டு வேலை எல்லாம் முடித்து இரவு பத்து மணிக்கு மேல் கைபேசியைத் திறக்கும் ஒருவரிடம் கெடுத் தேதியும் சதவீதமும் மட்டுமே கேட்டால் அவர் அதைத்தான் தருவார்.

இணையத்தில் உண்மையாகவே பயன்படுவது, நமக்கே ஒரு சந்தேகம் வந்து நாமே தேடிப் போவது. கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் பெட் (PhET) கணினி மாதிரிகளில் லென்ஸ் பாடம் இருக்கிறது. அதில் "பல கதிர்கள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் கதிர்கள் லென்ஸின் மேல், நடு, கீழ் எல்லாப் பகுதியிலும் புகுந்து மறுபடி ஒரே புள்ளியில் கூடுவது கண்ணுக்குத் தெரியும். என்ன தேட வேண்டும் என்று தெரிந்த ஆசிரியருக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் அதைத் தேட வேண்டும் என்று முதலில் யார் சொல்வது?

சக ஆசிரியர் வட்டம்

ஜப்பான் பள்ளிகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் பழக்கம் இது. 1995 டிம்ஸ் (TIMSS) என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வோடு சேர்த்து ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா மூன்று நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளைப் படம்பிடித்து ஒப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வெளி உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு வகுப்புக்கு வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். மாணவர்கள் எந்தெந்தப் பதில் சொல்லக்கூடும் என்பதும் பாடக் குறிப்பில் இருக்கும். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது மாணவர்களை: யார் எங்கே தடுமாறினார், நோட்டில் என்ன எழுதி அழித்தார். குறுக்கே பேசக் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது. பிறகு உட்கார்ந்து பேசும்போது முதல் வார்த்தை பாடம் நடத்தியவருடையது.

லென்ஸ் பாடத்துக்கு இது எப்படி அமையும்? சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத் தாள். ஆய்வகத்துக் குவிலென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினால் சன்னலும் வெளியே நிற்கும் மரமும் தலைகீழாக அதில் விழும். லென்ஸை மறைப்பதற்கு முன்பே, என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். மறைத்துக் காட்டியதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. அப்போது ஒரு மாணவி தன் படத்தில் மூன்றாவதாக ஒரு கதிர் வரைவதைப் பின்வரிசையில் நிற்கும் ஆசிரியர் பார்ப்பார். கரும்பலகைப் பக்கம் நிற்பவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

பயிற்சியில் கற்றது வகுப்புக்குள் போய்ச் சேர, பக்கத்தில் இருந்து பார்த்துப் பேசும் ஒருவர் வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதினார்கள். மூன்றில் இந்த ஒன்றில்தான் அந்த ஆள் இருக்கிறார். என் வாக்கு இதற்கே.

தடைகள் இருக்கின்றன. நம் ஊரில் வகுப்பின் பின்னால் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்தால் அது ஆய்வு, கண்காணிப்பு. அந்தப் பயம் போக நாளாகும். அதனால் இந்த வட்டத்தில் அதிகாரிகள் இருக்கக் கூடாது, அங்கே எழுதிய குறிப்பு எந்தக் கோப்புக்கும் போகக் கூடாது. சிறிய உயர்நிலைப் பள்ளியில் அறிவியலுக்கு ஒருவரே இருப்பதால் பக்கத்துப் பள்ளிகள் மூன்று நான்கு சேர வேண்டும். அன்று மற்றப் பள்ளிகளில் அந்தப் பாடவேளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர்கள் மனது வைத்தால் மாதம் ஒரு பிற்பகல் முடியாத காரியம் இல்லை. இன்னொரு குறையும் உண்டு. வட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தவறான புரிதல் இருந்தால் அதுவே இன்னும் உறுதிப்படும். அதற்குத்தான் ஜப்பானில் பாட அறிவுள்ள ஒருவரை வெளியிலிருந்து கூப்பிடுகிறார்கள். இங்கே டயட் விரிவுரையாளரோ, பக்கத்துக் கல்லூரி இயற்பியல் பேராசிரியரோ போதும்.

பாட ஆழத்துக்கு, மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் தங்கிப் படிக்கும் பயிற்சி கிடைத்தால் விடவே கூடாது. ஆனால் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காது என்பதால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

என் கையில் விட்டால் 50 மணியில் 30 மணி வட்டத்துக்கு, 10 மணி நாமே தேர்ந்தெடுக்கும் இணையப் பாடங்களுக்கு, 10 மணி நேரடிப் பயிற்சிக்கு. பாடநூல் மாறும் ஆண்டில் இந்தக் கணக்கு தலைகீழாகும். பணியில் புதிதாகச் சேர்ந்தவரென்றால், முதல் ஆண்டில் மற்றவர்களின் வகுப்பைப் போய்ப் பார்ப்பதற்கே வட்டத்து நேரம் முழுவதையும் கொடுப்பேன். வட்டத்தை ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். அரையாண்டுத் தேர்வு தாண்டினால் திருப்புதல் தேர்வுகள் வந்துவிடும், யாரையும் பிடிக்க முடியாது. முதல் பாடமாக, நன்றாக நடத்தியும் பிள்ளைகள் ஆண்டுதோறும் தப்பாகவே எழுதும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். லென்ஸே இருக்கட்டும், கறுப்புத் தாளைத் தவிர வேறு செலவு இல்லை.