பழைய தோட்ட டிராக்டர் என்ஜினில் ஆயில் கசிவு: எந்தச் சோதனை, எந்தப் பழுதுபார்ப்பு?

பழைய தோட்ட டிராக்டரின் அடியில் ஆயில் சொட்டுவதைக் கண்டதும் பலர் முதலில் வாங்குவது ஆயில் சீலைத்தான், அதாவது என்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைத்தான். அதை மாற்றிய சில வாரங்களில் அதே இடம் மறுபடியும் நனைந்துவிட்டால், பழி சீலின் தரத்தின்மேல் விழுகிறது. ஆயில் எந்த வழியாக வெளியேறுகிறது என்பது ஒரு கேள்வி; அதை வெளியே தள்ளுவது எது என்பது வேறொரு கேள்வி. கசிவைக் கண்டறியும் முறைகளை ஒப்பிடும்போது, எந்த முறை எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

எல்லா முறைகளுக்கும் பொதுவான முதல் வேலை கழுவுதல். இந்த என்ஜின்களில் பெரும்பாலானவை காற்றால் குளிர்பவை. ஃப்ளைவீலில் (தண்டின் முனையிலுள்ள கனமான சக்கரத்தில்) உள்ள விசிறியின் காற்று, மேலே கசியும் ஒரு துளி ஆயிலைக்கூட என்ஜின் முழுவதும் பூசிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் அளவைத் தாண்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் அளவுக்கு மீறி ஊற்றிய ஆயிலே சில நேரங்களில் முழுக் காரணமாக இருக்கும்.

கழுவி உலர்த்திய பரப்பில் டால்கம் பவுடரைத் தூவி, என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பது மிக எளிய முறை. வால்வு கவர், ஆயில் வடிக்கும் போல்ட், அடித்தட்டின் விளிம்பு போன்ற கண்ணுக்கு எட்டும் இடங்களில் ஈரக்கோடு தெளிவாகத் தெரியும். ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள சீலை இந்த முறையால் நேரடியாகப் பார்க்க முடியாது. விசிறிக் காற்று பவுடரையும் அடித்துச் சென்றுவிடும். அத்தகைய இடங்களுக்கு ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் பார்ப்பது மேலானது. சொட்டாகச் சேராத மெல்லிய கசிவையும் அது காட்டும் என்பதால், இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் சீலைவிடச் சாயத்தையே முதலில் வாங்கச் சொல்வேன்.

மூன்றாவது முறை, பிரீதர் வழியை (என்ஜினின் உள்காற்று வெளியேறும் வழியை) அடைத்து, டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் (தண்டு சுழலும் அடி அறைக்குள்) சிறிதளவு காற்றழுத்தம் கொடுத்து, இணைப்புகளின்மேல் சோப்பு நீர் தடவிக் குமிழியைத் தேடுவது. அழுத்தம் 2 அல்லது 3 பிஎஸ்ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) மேல் போனால் நன்றாக இருக்கும் சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடக்கூடும். பிஸ்டன் ரிங் இடைவெளி வழியாக எப்படியும் காற்று போய்க்கொண்டே இருக்கும்; ஆகவே அழுத்தம் குறைவதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இன்னொரு குறையும் உண்டு: உள்ளிருந்து வரும் அழுத்தம் சீலின் உதட்டை, அதாவது தண்டைத் தொடும் உள்விளிம்பை, தண்டோடு இறுக்கிவிடுவதால், தண்டு சுழலும்போது மட்டும் கசிகிற சீல் இந்தச் சோதனையில் நல்ல பிள்ளையாக நடித்துவிடும். கேஸ்கெட் (இரு பாகங்களின் இணைப்பில் வைக்கும் அடைப்புத் தகடு) கசிவுக்கு இது சிறந்த முறை. சீலுக்கு அரைகுறையான முறை.

இம்மூன்றும் இடத்தைத்தான் சொல்கின்றன. காரணத்தைச் சொல்வது, பலரும் தொடாத, மிக மலிவான ஒரு சோதனை: U வடிவில் வளைத்துத் தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒற்றை சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க் கேஸிலுள்ள காற்று பிரீதரின் மெல்லிய வால்வு வழியாக வெளியேறும். பிஸ்டன் மேலே போகும்போது அந்த வால்வு மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே எப்போதும் சிறிதளவு வெற்றிடம் இருக்கும், அந்த வெற்றிடமே ஆயிலை உள்ளே பிடித்து வைக்கிறது. குழாயின் ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் புகாதபடி பொருத்தி, நடுவில் கிடுக்கியால் இறுக்கி, என்ஜின் சீராக ஓடத் தொடங்கிய பிறகு மெல்லத் திறந்தால், தண்ணீர் என்ஜின் பக்கம் ஏற வேண்டும். என்ஜினை நிறுத்துமுன் குழாயை மீண்டும் இறுக்க மறக்கக் கூடாது. தண்ணீர் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால் பிரீதர் அடைத்திருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். மேல்வால்வு அமைப்புள்ள என்ஜினில் ஹெட் கேஸ்கெட் தள்ளுதண்டுகள் செல்லும் அறையின் பக்கம் வெடித்திருக்கலாம். இந்நிலையில் எத்தனை புதிய சீல் போட்டாலும் ஆயில் வேறொரு பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். பிரீதரைக் கழற்றிக் கழுவுவது அரைமணி நேர வேலை; சீல் மாற்றுவது அப்படியல்ல.

இனி பழுதுபார்ப்பு. கசிவை நிறுத்தும் திரவங்கள் கடினமாகிப்போன ரப்பரைச் சற்று ஊதவைக்கும்; கிழிந்த உதட்டையோ உடைந்த கேஸ்கெட்டையோ அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. கெட்டியான ஆயிலும் அப்படியே, குளிர்ந்த என்ஜின் கிளம்பச் சிரமப்படுவது மட்டும் மிச்சம்.

கேஸ்கெட்டா சிலிக்கான் பசையா என்ற பழைய வழக்கில் நான் கேஸ்கெட்டின் பக்கம். வால்வு கவர் போன்ற இடத்தில் பசை போதும், ஆனால் பக்கவாட்டு மூடியில் போதாது. பல என்ஜின்களில் அந்த மூடியின் கேஸ்கெட் தடிமன்தான் கிராங்க் ஷாஃப்ட்டின் நீளவாட்டு ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பசை தடவினால் கசிவு நின்று தண்டு இறுகும். அதிகமாகப் பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஆயில் வழியை அடைப்பதும் உண்டு.

சீல் மாற்றும்போது தண்டைக் கவனிக்க வேண்டும். பழைய சீலின் உதடு நகம் சிக்கும் அளவுக்கு ஒரு பள்ளத்தைத் தேய்த்திருந்தால், புதிய சீலைச் சற்று ஆழம் மாற்றி அடித்து, உதடு தேயாத பரப்பில் உட்காருமாறு செய்வது செலவற்ற வழி. இடம் இல்லாதபோது தண்டின்மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றலாம். தண்டில் சக்கரத்தைப் பூட்டும் சாவிக்கான பள்ளத்தின் கூர்விளிம்பு உதட்டைக் கிழிக்காதபடி அதன்மேல் நாடா சுற்றிவிட்டுச் சீலை நுழைக்க வேண்டும். ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது தண்டு கையில் ஆடினால், பேரிங் தேய்ந்துவிட்டது. அங்கே புதிய சீலும் உறையும் வீண் செலவு. என்ஜினைப் பிரித்துப் பேரிங் மாற்றும் வரை, அடியில் ஒரு தட்டை வைத்து, ஒவ்வொரு முறை ஓட்டுமுன்பும் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொள்வதே மிஞ்சும் வழி.