‘பி’ மட்டும் போதுமா, ‘சுபிற்றோ’ வேண்டுமா?

போன நத்தாருக்கு எங்கள் கோயில் பாடகர் குழாத்துக்கு நான்கு குரல் பாட்டுகளைக் கையாலேயே ஐந்து கோட்டில், மேற்கத்திய இசைக் குறியீட்டில், எழுதிக் கொடுத்தேன். கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் கோயில். ஒரு பாட்டில் சத்தம் ஏறிக்கொண்டே வந்து, உச்சம் வரப்போகிறது என்று எல்லாரும் நினைக்கிற இடத்தில் சட்டென்று அடங்க வேண்டும். அதை எந்தக் குறியால் எழுதுவது என்று முடிவெடுக்க மூன்று ஒத்திகை போய்விட்டது. இந்தக் குறியீட்டில் ‘எஃப்’ (f) என்றால் பலமாக, ‘பி’ (p) என்றால் மெல்ல.

திடீர்ச் சத்தத்துக்கு இந்தத் தலையிடி இல்லை. இசையமைப்பாளர் ஹெய்டனின் 94ஆம் சிம்பொனியில், இரண்டாம் பகுதியின் 16ஆவது பாரில் (தாளக் கட்டத்தில்) திடீரென்று விழுகிற இடி வெறும் இரண்டு ‘எஃப்’தான். கண்டவுடன் யாரும் அடித்துவிடுவார்கள். மெல்ல என்றால்தான் பிள்ளைகள் நம்புவதில்லை.

‘எஃப்பி’யை (fp) முதலில் போட்டுப் பார்த்தேன். ஒரே சுரத்தைப் பலமாகத் தொடங்கி உடனே இறக்கச் சொல்லும் குறி அது. நீண்ட சுரத்தில் அழகுதான், ஆனால் எனக்குத் தேவையானது அது இல்லை. அதோடு எங்கள் ரெனர்கள் (ஆண்களின் மேல் குரல்காரர்) ‘எஃப்’ஐக் கண்டதும் வரி முழுக்கக் கத்தினார்கள். ஸ்போர்ஸாண்டோ என்ற குறி அந்த ஒரு சுரத்தை அழுத்துவதற்கு. இந்த இடத்துக்குப் பொருந்தாது.

மிச்சம் இரண்டு. கிரெசென்டோவின், அதாவது சத்தம் ஏறுவதைக் காட்ட விரிந்துகொண்டு போகும் இரண்டு கோடுகளின், விரிந்த வாய் முடிகிற இடத்தில் வெறும் ‘பி’ போடுவது ஒன்று. பேத்தோவன் இதை அடிக்கடி செய்திருக்கிறார், பழகியவருக்கு அது போதும். மற்றது ‘சுபிற்றோ’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதுவது. இத்தாலிய மொழியில் ‘உடனே’ என்று அர்த்தம்.

நான் சுபிற்றோ பக்கம். அழகுக்காக இல்லை, கொப்பி நாளைக்கும் பாவனையில் இருக்க வேண்டும் என்பதற்காக. எங்களிடம் மூலப்பிரதி ஒன்றுதான். அதில் ஒரு போட்டோக் கொப்பி, அந்தக் கொப்பியில் இன்னொன்று என்று போகும். மூன்றாவது தலைமுறையில் சின்ன ‘பி’ மை விழுந்த புள்ளி மாதிரி ஆகிவிடுகிறது. விரிந்த கோடுகள் மட்டும் தெளிவாக நிற்கும், பிள்ளைகளும் ஏறிக்கொண்டே போவார்கள். பென்சிலில் வட்டம் போட்டாலும் அடுத்த கொப்பி அந்த வட்டம் இல்லாத தாளில் இருந்துதான் எடுக்கப்படும். ஏஎல் முடித்தவர்கள் கம்பஸ் போவார்கள், புதுப் பிள்ளைகள் வருவார்கள். நான் பக்கத்தில் நின்று விளக்காமலே குறி பேச வேண்டும். வெறும் ‘பி’யைப் பார்த்து, “சேர், இது பிழையா எழுதினதா?” என்று அல்ட்டோவில் (பெண்களின் கீழ்க் குரலில்) ஒரு பிள்ளை கேட்டது. சொல் சேர்ந்த பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலில் ‘சுபிற்றோ பி’ என்று எழுதினேன். சொல் நீளமானதால் சுரத்துக்கு ஒரு தாள அடி முன்னாலேயே தொடங்கிவிட்டது, பிள்ளைகளும் அங்கேயே அடங்கிவிட்டார்கள். திடீர் என்பதே போய்விட்டது. இப்போது ‘பி சுபிற்றோ’ என்று திருப்பி எழுதுகிறேன். எழுத்து சரியாகச் சுரத்தின் தலைக்கு மேல் நிற்கும், சொல் பின்னால் ஓடும். பாட்டில் வரிகள் கோட்டுக்குக் கீழே வருவதால் ஒலிக்குறிகளை மேலேதான் போட வேண்டும். அல்ட்டோ வரியில் அது மேலே இருக்கும் சொப்ரானோவின் (பெண்களின் மேல் குரலின்) சொற்களோடு முட்டுகிறது, அதனால் இரண்டு குரல்களின் கோடுகளுக்கு நடுவே இடம் கூடுதலாக விட வேண்டியிருக்கிறது. தாள் ஒன்று கூடச் செலவு, பரவாயில்லை.

அப்புறம் எங்கள் தகரக் கூரை. பலத்த சத்தத்தின் எதிரொலி அடங்குமுன் மெல்லிய வரி தொடங்கினால் எதுவும் கேட்காது. அதனால் ‘பி’க்கு முன்னால் ஒரு மூச்சுக்குறியும் போட்டிருக்கிறேன்.

இது பாடுகிறவர்களை வைத்துச் சொல்வது. வயலின் குழுவோடு நான் வேலை செய்ததில்லை, அங்கே வெறும் ‘பி’யே போதுமாக இருக்கலாம். எங்கள் கீபோட் தம்பிக்கு இரண்டுமே போதவில்லை. அவருடைய தாளில் அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் “கையை எடு” என்று எழுதி வைத்திருக்கிறேன்.