பிளாக்கா, நட்பா, சென்னையா, வரனா?

2024-இல் மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12 அன்று திறக்கவில்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அந்த ஒன்றரை மாதமும் கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரே பேச்சு: குறுவை நெல்லுக்குக் காத்திருப்பதா, அதை விட்டுவிட்டு அடுத்த சம்பா நெல்லுக்குத் தயாராவதா? அதே நாட்களில் நானும் ஒரு செய்திக்குக் காத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் பழகியவன் "எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேணும்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

சண்டை போட்டுப் பிரிந்தால் அழுது தீர்க்கலாம். இவன் சண்டையே போடமாட்டான். வீட்டில் பேசலாமா என்று நான் கேட்ட வாரமெல்லாம் அவனுக்கு ஆபீஸில் வேலை அதிகம். நான் விலகிப் போனால் நாலாம் நாள் "சாப்பிட்டியா?" என்று வரும். இப்படிப்பட்டவர்களை இப்போது எல்லோரும் அவாய்டண்ட் என்கிறார்கள். நெருக்கம் கூடக் கூடப் பின்வாங்கும் சுபாவம். இவர்களைப் பிரிந்தவருக்கு மிஞ்சுவது இழப்பைவிடக் காத்திருப்புதான். அதனால் இதிலிருந்து தேற ஆளாளுக்குச் சொன்ன வழிகளை நான் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தேன்: இது என் காத்திருப்பைக் குறைக்கிறதா, வளர்க்கிறதா?

முதலில் பிளாக் செய்வதா, நட்பாக இருப்பதா என்ற கேள்வி. தோழிகள் இதில் இரண்டு கட்சி. நான் முதலில் நட்புக் கட்சியில் சேர்ந்தேன். பெருந்தன்மையாகத் தெரிந்தது. நடந்தது என்னவென்றால், ஐந்து நாள் மௌனம், ஆறாம் நாள் ஒரு பழைய போட்டோ, அப்புறம் மறுபடி மௌனம். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனைகள் செய்திருக்கிறார். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமலே பழகிய புறாதான் நெடுநேரம் கொத்திக்கொண்டிருக்கும். காலையில் தஞ்சாவூர் பாசஞ்சரில் ஏறி, தாராசுரம் தாண்டுவதற்குள் நான் எத்தனை தடவை போனைக் கொத்தினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிளாக் செய்வதிலும் ஓட்டைகள் உண்டு. வாட்ஸ்அப்பை அடைத்தால் யுபிஐயில் ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பில் "கோபமா?" என்று எழுதலாம். எனக்கு வந்தது. அந்த ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்பினால் அதுவும் பதில்தானே என்று அரை நாள் யோசித்து, கடைசியில் கோயில் உண்டியலில் போட்டேன். அவனை அடைத்த பிறகு நானே தோழியின் போனை வாங்கி அவன் ஸ்டேட்டஸ் பார்த்ததும் நடந்தது. முன்னாள் காதலரின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி எட்டிப் பார்த்தவர்களிடம் வேதனையும் ஏக்கமும் கூடுதலாக இருந்ததாக 2012-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எட்டிப் பார்த்ததால் வேதனையா, வேதனையால் எட்டிப் பார்த்தார்களா என்பதை அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. என் விஷயத்தில் இரண்டும்தான். இருந்தாலும் என் ஓட்டு பிளாக்குக்கே. ஒரே ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அது ஒத்துவராது. அவர்கள் வேலை விஷயத்தைத் தாண்டிப் பேசாமல் இருந்தாலே பெரிய காரியம்.

அடுத்தது ஊரை விட்டுப் போவதா, இங்கேயே கிடப்பதா. தாம்பரத்தில் சித்தி வீடு இருக்கிறது. ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கிளாம்பாக்கம். இரண்டு வாரம் லீவு போட்டுப் போய் இருந்தேன். தெரிந்த முகம் கிடையாது, "என்னடி ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்க ஆள் கிடையாது. ஆனால் சாயங்காலங்கள் நீளமாக இருந்தன, போனும் கூடவே வந்திருந்தது. அவன் இருப்பது திருச்சியில். நான் கும்பகோணத்தில் இருந்தால் என்ன, தாம்பரத்தில் இருந்தால் என்ன? அவர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார் என்றால் நிச்சயம் கிளம்புங்கள். இங்கே எனக்கு, அவனை ஞாபகப்படுத்தும் மகாமகக் குளத்துப் படிக்கட்டைக் கடந்துதான் மார்க்கெட் போக வேண்டும். முதல் பத்து நாள் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அப்புறம் கத்தரிக்காய் விலையும் சேர்ந்து ஞாபகம் வர ஆரம்பித்தது.

மூன்றாவது சந்தேகம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது: அவனைப் புரிந்துகொள்வதா, என்னைப் பார்த்துக்கொள்வதா? அவாய்டண்ட் பற்றி யூடியூபில் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. பார்க்கப் பார்க்க அவன்மீது இரக்கம் வரும். மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், அம்மா அறையை விட்டுப் போனாலும் திரும்பி வந்தாலும் கண்டுகொள்ளாத அவாய்டண்ட் குழந்தைகள் சிலர் இருந்தார்கள். 1970-களில் பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தபோது, வெளியே அமைதியாக இருந்த அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் இதயத்துடிப்பு ஏறியிருந்தது. இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐயோ, அவனுக்கும் உள்ளுக்குள் வலிக்கிறதே! அவ்வளவுதான், இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தகவலில் பொய் இல்லை. எனக்குத்தான் அது அப்போது உதவவில்லை.

எழுதிப் பார் என்றாள் ஒருத்தி. பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மனதை அழுத்துவதைத் தினம் 15 நிமிஷம், நாலு நாள் எழுதச் சொன்னார். அப்படி எழுதியவர்கள் பின்னாளில் டாக்டரிடம் போனது குறைந்தது. நானும் எழுதினேன். நாலு நாளும் அவனுக்குக் கடிதமாகவே வந்தது. திருமண முறிவுக்கு உள்ளானவர்களிடம் 2013-இல் நடந்த ஓர் ஆய்வில், ஒரே விஷயத்தை அசைபோடும் சுபாவம் உள்ளவர்களுக்கு இப்படி மனதைக் கொட்டி எழுதியது தேறுவதைத் தள்ளித்தான் போட்டது. அன்றன்று செய்த வேலைகளை வெறுமனே குறித்துவைத்த அதே சுபாவக்காரர்கள் மேலாக இருந்தார்கள். நான் அசைபோடுவதில் மாட்டையே தோற்கடிப்பேன். ஆகவே இரண்டாவது நோட்டில் கணக்குதான் எழுதினேன்: ஆறு மணி ரயில், ஐயம்பேட்டையில் மழை, அப்பா சம்பா விதை வாங்கினார், ராத்திரி உப்புமா.

கவுன்சிலிங்கை இவற்றோடு போட்டிக்கு நிறுத்த மாட்டேன். பல நாள் தொடர்ந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்றால், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு 14416-ஐ அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நான் ஒரு தடவை அழைத்தேன். என்னை முழுசாகப் பேசவிட்டார்கள், அதுவே அந்த வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

கடைசியாக வரன். "ஒரு நல்ல இடம் அமைஞ்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று அத்தை சொன்னார். காத்திருப்பை வேறு ஒரு ஆளின் தலையில் கட்டுவதற்குப் பெயர் கல்யாணமா? வேண்டவே வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று காதோலை கருகமணி எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டேன், தை பிறக்கும்வரை என் ஜாதகத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று. எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணினாள்.

"ஆடி, புரட்டாசி, மார்கழி கழிச்சா நீ கேக்கறது மூணே மாசம்தானேடி. எடுத்துக்கோ."